மீன் தொட்டியில் எத்தனை லிட்டர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

60 × 30 × 36 செ.மீ. தொட்டி வாங்கினேன். கணக்குப்படி 65 லிட்டர் வருகிறது. ஆனால் மணலும் கல்லும் போட்டபின் 50 லிட்டர் ஊற்றியதுமே நிறைந்துவிட்டது. எங்கே தவறு?

தவறு எதுவும் இல்லை. நீங்கள் கணக்கிட்டது கண்ணாடிப் பெட்டியின் வெளியளவு. மீனுக்கு வேண்டியது உள்ளே நிற்கும் தண்ணீரின் அளவு. கண்ணாடி 5 மி.மீ. தடிமன் என்றால் உள்ளளவு 59 × 29 செ.மீ. மேல்விளிம்புக்கு 3 செ.மீ. கீழே தண்ணீரை நிறுத்தினால், அடிக்கண்ணாடி போக, உயரம் 32.5 செ.மீ. மூன்றையும் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் 55.6 லிட்டர். ஒரு கிலோ மணலோ கல்லோ ஏறக்குறைய 0.4 லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 13 கிலோ போட்டிருந்தால் 5 லிட்டர் போய்விடும். நீங்கள் ஊற்றி அளந்ததுதான் சரியான கணக்கு; அதை எழுதித் தொட்டியின் பின்புறம் ஒட்டிவையுங்கள்.

என் தொட்டி இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. காலி செய்யாமல் அளக்க முடியுமா?

முடியும். அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரையும் ஃபில்டரையும் நிறுத்திவிட்டு, நீர்மட்டத்தைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். அளவு தெரிந்த வாளியில் சரியாக 10 லிட்டர் எடுத்துவிட்டு, மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். 4 செ.மீ. இறங்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு 2.5 லிட்டர். மணலுக்கு மேலே தண்ணீர் 34 செ.மீ. நிற்கிறது என்றால் 85 லிட்டர். மணலுக்குள்ளும் தண்ணீர் உண்டு. மணல் படுகையின் கொள்ளளவில் சுமார் 40 சதவீதத்தை அதற்காகக் கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே 5 செ.மீ. படுகை என்றால் இன்னும் 5 லிட்டர். அடியில் பெரிய கற்களோ மரக்கட்டையோ கிடந்தால் அவற்றுக்காகச் சிறிது கழியுங்கள்.

இந்த முறையையே நான் எல்லோருக்கும் சொல்வேன். முன்பக்கம் வளைந்த தொட்டியோ, அறுகோணத் தொட்டியோ, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருந்தால் போதும். சூத்திரம் எதுவும் தேவையில்லை.

24 × 12 × 12 அங்குலத் தொட்டி. ஓரிடத்தில் 15 கேலன் என்கிறார்கள், இன்னோரிடத்தில் 12.5 என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் சரி. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். உங்கள் தொட்டி எப்படிப் பார்த்தாலும் விளிம்புவரை 56.6 லிட்டர்தான். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் மருந்தின் அளவு 20 சதவீதம் பிசகும். லிட்டரிலேயே கணக்கிடுங்கள்.

உருண்டைக் கிண்ணத்துக்கு என்ன சூத்திரம்?

ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி எண்ணுங்கள். உள்விட்டம் 30 செ.மீ. உள்ள முழு உருண்டையே 14 லிட்டர்தான் கொள்ளும். கழுத்துக்குக் கீழே நிறுத்தினால் இன்னும் குறையும். அதில் தங்கமீன் விட நினைத்திருந்தால் தயவுசெய்து வேண்டாம். நிறையக் கழிவு வெளியேற்றும், பெரிதாக வளரும் மீன் அது. அவ்வளவு குறைந்த நீரில் அம்மோனியா விரைவில் ஏறிவிடும்.

மேசை தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதோடு கண்ணாடி, மணல், கல் ஆகியவற்றின் எடையையும் சேருங்கள். 120 லிட்டர் தொட்டி 150 கிலோவைத் தாண்டும். சாதாரணப் படிப்பு மேசையை அதற்கு நம்பாதீர்கள்.

மருந்து போடும்போது வெளியே இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா? ஆவியாகிக் குறைந்ததை நிரப்பும்போது மறுபடியும் மருந்து போடலாமா?

ஃபில்டருக்குள் சுற்றுவதும் அதே தண்ணீர்தான், சேருங்கள். உள்ளே அடைத்திருக்கும் பஞ்சும் கற்களும் பிடிக்கும் இடத்தை மட்டும் கழியுங்கள். கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும், மருந்தும் அந்த வழியில் பெரிதாகக் குறையாது. நிரப்பும் தண்ணீருக்கெல்லாம் மருந்து சேர்த்துக்கொண்டே போனால் செறிவு நாளுக்கு நாள் ஏறி மீன் துன்பப்படும். 20 லிட்டரை வெளியே எடுத்துப் புதிதாக ஊற்றினால், அந்த 20 லிட்டருக்கு உரிய மருந்தை மட்டும் போடுங்கள். இறாலோ நத்தையோ இருக்கும் தொட்டியில், அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும், செம்பு கலந்த மருந்து வேண்டவே வேண்டாம்.