கணினி கேள்வி–பதில்: பிளக்-இன் கழன்றது, பாயின்டர் கழலவில்லை

கேள்வி: மாங்கூழ் ஆலைகளின் எடைமேடைக்காக சி மொழியில் எழுதிய ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் ஒன்றைப் பராமரிக்கிறோம். ஒவ்வொரு வகை இண்டிகேட்டருக்கும் (எடையைக் காட்டி அனுப்பும் கருவி) தனி பிளக்-இன் (தேவைப்படும்போது லோடு செய்யும் துணை லைப்ரரி) உண்டு. செட்டிங்ஸில் பிளக்-இன்னை மாற்றிவிட்டு அடுத்த லாரியை ஏற்றினால், செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்ட பிழை) வந்து நின்றுவிடுகிறது. ஜிடிபியில் (பிழை தேடும் கருவி) ஃபங்ஷன் பெயர் வரவேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறிதான் இருக்கிறது. ஆல்பைன் லினக்ஸில் மட்டும் கிராஷ் ஆவதே இல்லை. ஏன்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அந்தக் கேள்விக்குறிதான் துப்பு. பழைய பிளக்-இன் லோடானபோது தன் கால்பேக்கின் (எடை வரும்போது அழைக்கப்படும் ஃபங்ஷன்) முகவரியை, அதாவது பாயின்டரை, உங்கள் பட்டியலில் பதிந்திருக்கும். லைப்ரரியை மூடும் டிஎல்குளோஸை அழைத்து, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (அதைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை) பூஜ்யமானதும், ஜிலிப்சி (பெரும்பாலான லினக்ஸ்களின் சி லைப்ரரி) அந்த லைப்ரரியை நினைவகத்திலிருந்தே கழற்றிவிடுகிறது. பட்டியலில் முகவரி மட்டும் மிஞ்சுகிறது. சீரியல் போர்ட்டில் அடுத்த எடை வந்ததும் புரோகிராம் அங்கே தாவுகிறது. அங்கே கோடே இல்லை. லைப்ரரி போனபோது பெயர்களும் போய்விட்டதால் ஜிடிபியால் எதையும் காட்ட முடிவதில்லை.

ஆல்பைனில் இருப்பது மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரி. அதில் டிஎல்குளோஸ் பெயருக்குத்தான். புரோகிராம் முடியும்வரை லைப்ரரி உள்ளேயே இருக்கும். ஆகவே அங்கே பிழை இல்லை என்று எண்ணவேண்டாம். பழைய கால்பேக் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். புது இண்டிகேட்டர் அனுப்புவதைப் பழைய முறையில் படிக்கும். கிராஷைவிடத் தப்பான எடைச்சீட்டு மோசம்.

உறுதிசெய்ய, ஜிடிபிக்குள்ளேயே புரோகிராமை ஓட்டுங்கள். அப்போது முகவரிகள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறாது. பிளக்-இன் மாற்றுமுன் ‘இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி’ கொடுத்து அதன் முகவரி எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராஷ் ஆன முகவரி அந்த எல்லைக்குள் விழுந்து, மறுபடி கொடுக்கும் ‘இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி’யின் பட்டியலில் அந்தப் பிளக்-இன் காணாமல் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் சீரியல் போர்ட்டைப் படிக்கும் த்ரெட்டை (புரோகிராமுக்குள் தனியே ஓடும் இழை) நிறுத்தி, அது முடிந்ததும் திரும்பும் பிதிரெட்_ஜாயின் திரும்பும்வரை காத்திருங்கள். பட்டியலிலிருந்து நீக்கும் அதே நொடியில் த்ரெட் கால்பேக்குக்குள் இருக்கலாம். பிறகு கால்பேக்கை நீக்குங்கள், பிளக்-இன்னின் மூடும் ஃபங்ஷனை அழையுங்கள், கடைசியாகத்தான் டிஎல்குளோஸ். பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று: மெனுவில் காட்டும் பிளக்-இன் பெயர். அந்த எழுத்துகளும் லைப்ரரிக்குள்தான் இருக்கின்றன. லோடானதுமே எஸ்டிஆர்டப் போட்டு உங்கள் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், எடைமேடை புரோகிராமில் லைப்ரரியைக் கழற்றவே வேண்டாம். லைப்ரரியை லோடு செய்யும் டிஎல்ஓப்பனில், ‘கழற்றாதே’ என்னும் ஆர்டிஎல்டி_நோடெலீட் சேர்த்தால் போதும். கழற்றி மிச்சப்படுத்தும் நினைவகம் அற்பம். ஆனால் மறுபடி லோடாகும்போது ஸ்டாட்டிக் மாறிகள் பழைய மதிப்போடேயே இருக்கும். தொடக்க ஃபங்ஷனில் அவற்றைத் துடைத்துவிடுங்கள். கால்பேக்கை நீக்குவது அப்போதும் கட்டாயம்.

கேள்வி: எடைமேடை புரோகிராமின் புதுப் பதிப்பில் பழைய பிளக்-இன் முதல் எடையிலேயே விழுகிறது. லோடாகும்போது எந்தப் பிழையும் இல்லை.
– வாசகர், பாலக்கோடு

பதில்: புரோகிராமும் பிளக்-இன்னும் பகிரும் ஸ்ட்ரக்டின் (உறுப்புகளை வரிசையாக அடுக்கிய தொகுப்பு) நடுவில் புது உறுப்பு எதையாவது நுழைத்தார்களா பாருங்கள். 64 பிட் லினக்ஸில் ஒரு பாயின்டர் 8 பைட். பழையதில் பெயர் 0, ஓப்பன் 8, ரீட் 16 என்ற இடங்களில் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஓப்பனுக்கும் ரீடுக்கும் நடுவே ‘டேர்’ (வெற்றெடை கழிக்கும் ஃபங்ஷன்) வந்தால் ரீட் 24க்குத் தள்ளப்படும். பழைய பிளக்-இன்னின் ஸ்ட்ரக்டோ 24 பைட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் கிடக்கும் ஏதோ 8 பைட்டை ஃபங்ஷன் என்று நம்பி அழைக்கிறது புதுப் பதிப்பு.

புது உறுப்பைக் கடைசியில் மட்டும் சேர்க்க வேண்டும். முதல் உறுப்பாக ஸ்ட்ரக்டின் அளவை வைத்து, அந்த அளவைத் தாண்டிப் படிக்காமல் இருக்க வேண்டும். அட்ரஸ் சானிட்டைசர் என்ற நினைவகப் பிழை காட்டும் கருவி இதைப் பிடித்துவிடும். ஆனால் புரோகிராம், பிளக்-இன் இரண்டையும் அதே ‘-எஃப்சானிட்டைஸ்=அட்ரஸ் -ஜி’யோடு கம்பைல் செய்யுங்கள். பிளக்-இன்னை மட்டும் செய்தால் சானிட்டைசர் முதலில் லோடாகவில்லை என்று முரண்டு பிடிக்கும். சோதனையின்போது டிஎல்குளோஸை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் அறிக்கையில் பெயர்கள் வராது.

கேள்வி: ரஸ்ட் மொழியில் எழுதிவிட்டால் இதெல்லாம் தீருமா?
– வாசகர், ஓசூர்

பதில்: பாதி தீரும். லிப்லோடிங் என்ற ரஸ்ட் தொகுப்பில் லைப்ரரியை லோடு செய்வதே அன்சேஃப் (கம்பைலர் பாதுகாப்பை உறுதிசெய்ய முடியாத) கோடுதான். லைப்ரரியிலிருந்து எடுத்த சிம்பல் (ஃபங்ஷனைச் சுட்டும் பெயர்), லைப்ரரியைவிட நீண்டு வாழக் கம்பைலர் விடாது. அதிலிருந்து ஃபங்ஷன் பாயின்டரை நகலெடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டால் அந்தக் காவல் இல்லை. ஸ்ட்ரக்ட் அளவு மாறுவதையும் கம்பைலர் பார்க்காது.