முடிக்கணும்னு யாரு சொன்னா?

கேள்வி: அக்கா பெங்களூர்ல, நான் மதுரையில. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2020ல போட்ட 500 சிறந்த ஆல்பம் லிஸ்ட்டை 500வது நம்பர்ல ஆரம்பிச்சு மேல ஏறி வந்துக்கிட்டு இருக்கோம். ராத்திரி ஒன்பதரைக்கு போன் போட்டு, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ப்ளே அழுத்துவோம். பத்து மாசத்துல 140 ஆச்சு. இந்த ஸ்பீடுல போனா முடிக்க மொத்தம் மூணு வருஷம் ஆகும் போலருக்கு. பிடிக்காததை பாதியில ஸ்கிப் பண்ணிட்டு சீக்கிரம் முடிக்கலாமா?

– வாசகி, மதுரை

பதில்: ஏம்மா, ஒன்பதரை மணி, ஒண்ணு ரெண்டு மூணு எண்றது, அக்கா தங்கச்சி, எல்லாமே அவ்ளோ நல்லாருக்கு. இந்த 'முடிக்க'ன்ற வார்த்தை மட்டும் தொண்டையில மீன் முள்ளு மாதிரி நிக்குது. நாலு வரிக் கேள்வியில ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க.

நம்ம ஊர்ல எல்லாத்தையும் முடிக்கறோம். கும்பகோணத்துல காலையில வேன் ஏறினா ராத்திரிக்குள்ள ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் முடிச்சுடறாங்க, செருப்பை வேன்லயே விட்டுட்டு ஓடி, சாமியைப் பாத்தும் பாக்காம, டிரைவர் ஹாரன் அடிக்கறதுக்குள்ள திரும்பி ஏறி, அடுத்து யாரு, சனீஸ்வரனா, சரி போ. கல்யாணத்தைக் கூட 'முடிச்சு வெச்சோம்'னு தான் சொல்றோம், அன்னிக்கு தான் எல்லாமே ஆரம்பிக்குது. சரி, கணக்கை முடிக்கலாம், கடனை முடிக்கலாம். ஒரு ஆல்பத்தை எப்படி முடிப்பீங்க?

நீங்க முடிக்கப் போற லிஸ்ட்டே முடியலையே. 2003ல இதே பத்திரிகை போட்ட முதல் லிஸ்ட்ல ஒண்ணாம் நம்பர் பீட்டில்ஸோட சார்ஜண்ட் பெப்பர்ஸ். 2020 லிஸ்ட்ல அது 24. அந்த ரெக்கார்டுல ஒரு கோடு கூட மாறல, ஓட்டுப் போட்ட ஆளுங்க மாறிட்டாங்க, அவ்ளோதான். இதுல இன்னொண்ணு, 1967ல இங்கிலாந்துல வந்த அந்த எல்பி இசைத்தட்டுல, முள்ளு ஓடற கடைசி பள்ளத்தை வட்டமா மூடி விட்டிருந்தாங்க. கடைசி பாட்டுல மூணு பியானோவுல சேர்ந்து அடிக்கற ஒரே ஒரு சுரக்கூட்டு நாப்பது செகண்டுக்கு மேல தேஞ்சுக்கிட்டே போகும், அது அடங்க அடங்க ரெக்கார்டிங் லெவலை ஏத்திக்கிட்டே போயிருக்காங்க, அதனால ஸ்டூடியோவுல யாரோ நாற்காலியில அசையற கிரீச் சத்தம் கூட கேக்கும். சரி முடிஞ்சுதுன்னு நினைக்கறப்ப ஏதோ உளறல் மாதிரி பேச்சு வரும், முள்ளு அந்த வட்டத்துலயே சுத்தும், தானா தூக்கிக்காத பிளேயரா இருந்தா நீங்க எழுந்து போய் கையால முள்ளைத் தூக்கற வரைக்கும் நிக்காது.

ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பம் உங்க லிஸ்ட்ல 31. 1959 மார்ச் 2 ரெக்கார்டிங் அன்னிக்கு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு, அதனால ரெக்கார்டா போட்டப்ப முதல் பக்கம் மூணு பாட்டும் ஒரு இழை வேகமா, சுருதி ஏறி வந்துடுச்சு. அதை சரி பண்ணின பதிப்பு 1992ல தான் வந்துச்சு. முப்பது வருஷத்துக்கு மேல உலகமே அதைத் தப்பான சுருதியில கேட்டு, ஆஹா ஓஹோன்னு பாராட்டி, 'முடிச்சு' வெச்சிருந்தது!

உங்க ஸ்கிப் கேள்விக்கு வரேன். பிடிக்கலைன்னா நிறுத்துங்க, தப்பே இல்ல. ஆனா நிறுத்தறதுக்கு முன்னாடி ஏன் பிடிக்கலைன்னு அக்காகிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க, அந்த ரெண்டு நிமிஷம் சண்டைக்குத் தான் இந்த லிஸ்ட்டே. பாட்டு வரிசையைக் கலைச்சுப் போடற ஷஃபிள் பட்டனை மட்டும் தொடாதீங்க, இதை நான் இந்தப் பக்கத்துல எத்தனை தடவை எழுதினாலும் 'ஹிட்ஸ் மட்டும் போதும் சார், மத்ததெல்லாம் இடத்தை அடைக்கறது'ன்னு மாசா மாசம் எழுதற கோயமுத்தூர் நண்பர் எழுதிக்கிட்டே தான் இருக்கார், நானும் விடறதா இல்ல. பாட்டை வரிசைப்படுத்தறதும் இசை தான்.

அப்புறம் நடுவுல ஒரு இடைவெளி விடுங்க. 1948ல கொலம்பியா கம்பெனி கொண்டு வந்த எல்பியில ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் சொச்சம் தான், அப்புறம் யாராவது எழுந்து திருப்பிப் போடணும். பிங்க் ஃப்ளாய்ட்ங்கற ராக் குழுவோட டார்க் சைட் ஆஃப் த மூன்ல முதல் பக்கம் ஒரு பொம்பளைக் குரல் வார்த்தையே இல்லாம அழுது ஓய்ஞ்சு முடியும். ரெக்கார்டைத் திருப்பினா சில்லறை கொட்டற சத்தம். நடுவுல அந்த அமைதி இருக்கணும், போன்ல அது கிடையாது, கண்ணைத் துடைக்கறதுக்குள்ள கல்லாப்பெட்டி திறந்துடுது. நீங்களே பாஸ் போடுங்க, தண்ணி குடிங்க, அக்கா என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.

இதை நான் ஏன் இவ்ளோ சொல்றேன்னா, எண்பதுகள்ல ஒரு ரெக்கார்டிங் கடையில 60 நிமிஷ கேசட் குடுத்து அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயோட வாட்ஸ் கோயிங் ஆன் ஆல்பத்தைப் பதிவு பண்ணச் சொன்னேன். மொத்தமே 35 நிமிஷம் சொச்சம் தான். ரெண்டு பக்கமும் டேப் மிஞ்சுதேன்னு கடைக்காரர் டிஸ்கோ பாட்டுங்களைப் போட்டு ரொப்பிக் குடுத்தார், 'காசு குடுத்திருக்கீங்க, காலியா விடலாமா தம்பி'ன்னு பாசமா தான் சொன்னார். பதினஞ்சு வருஷம் கழிச்சு சிடி வாங்கி வீட்ல போட்டேன், மனைவி எதிர்ல உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. கடைசி பாட்டு முடியப் போகுதேன்னு நான் எழுந்து பட்டன்கிட்ட கையைக் கொண்டு போனேன். அவ கீரையை விட்டுட்டு 'இருங்க, இது முதல் பாட்டுல்ல?'ன்னா. ஆமா, அம்மாவைக் கூப்பிடற அந்த முதல் பாட்டோட வரி கடைசியில திரும்ப வருது. பழைய கேசட்டைத் தேடிப் போட்டுப் பாத்தேன், அதுல அந்த இடம் இல்ல, டிஸ்கோ தான் இருக்கு. முன்னாடி பதிஞ்ச பாட்டே தப்பா திரும்ப வருதுன்னு நினைச்சு வெட்டியிருக்கார் மனுஷன். அவர் மேல எனக்குக் கோபம் இன்னும் போகல, ஒரு ஆளு வாழ்க்கையில பதினஞ்சு வருஷத்தை வெட்டிட்டார். ஆனா அதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, கீரை ஆஞ்சுக்கிட்டே அன்னிக்கு தான் முதல் தடவையா கேட்ட இன்னொரு காது.

அந்த ஆல்பம் தான் உங்க லிஸ்ட்ல ஒண்ணாம் நம்பர். 1971ல வந்தது. மார்வின் கேயோட தம்பி ஃப்ராங்கி வியட்நாம் போர்லேருந்து திரும்பி வந்து, அங்க பாத்ததை எல்லாம் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கார், அந்த வலி தான் ஆல்பம் பூரா ஓடுது. தம்பி சொல்லி அண்ணன் கேட்ட கதைம்மா அது, அதைப் போய் அக்காவும் தங்கச்சியும் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல கழிச்சு பரிசு மாதிரி கடைசியில கேக்கறதுன்னு வெச்சிருக்கீங்களே. 360வது நம்பர் எங்கயும் ஓடிடாது. இன்னிக்கு ஒன்பதரைக்கு ஒண்ணாம் நம்பரைப் போடுங்க. மெர்சி மெர்சி மீங்கற பாட்டு முடிஞ்சதும் பாஸ் பண்ணிப் பேசுங்க, எல்பியில அங்க தான் பக்கம் திரும்பும். அப்புறம் மிச்சம் மூணு பாட்டு. கடைசியில அந்த வரி திரும்ப வரும்போது முதல்ல 'இரு'ன்னு சொன்னது நீங்களா அக்காவான்னு எனக்கு ஒரு தபால் கார்டு போடுங்க.