பதில்: வைல் லூப் முடிந்ததும் எண்ணிக்கை 0 ஆகிவிடுகிறது

பாஷ் (கட்டளைகளை ஓட்டும் ஷெல் நிரல்) ஸ்கிரிப்டில் வைல் (while) லூப்புக்குள் எண்ணிக்கையை எக்கோ (echo) போட்டுப் பார்த்தால் 1, 2, 3 என்று ஏறுகிறது, லூப்புக்கு வெளியே வந்தால் 0 என்கிறீர்கள். உங்கள் கணக்கில் தப்பில்லை. கேட் (cat) கட்டளை போட்டுக் கோப்பைப் பைப் (|) வழியாக வைல் லூப்புக்கு அனுப்புகிறீர்களே, அதுதான் வினை. பைப்புக்கு வலப்பக்கம் இருப்பதை பாஷ் தனி சப்ஷெல்லில், அதாவது தற்காலிகமாகப் பிறக்கும் இன்னொரு ஷெல்லில், ஓட்டும். அங்கே ஏறிய எண்ணிக்கை அதோடு போய்விடும். நானும் ஒரு ராத்திரி முழுக்க இதில் முட்டிக்கொண்டவன்தான்.

கேட்டையும் பைப்பையும் தூக்கிவிட்டு, கடைசி வரியில் டன் (done) என்பதற்குப் பிறகு < போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். கோப்பு இல்லை, ஒரு கட்டளையின் வெளியீடு என்றால் < <(கட்டளை) என்று எழுதுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே இடைவெளி கட்டாயம். அப்புறம், உங்கள் பழைய ஸ்கிரிப்டே இசட்-ஷெல்லில் (zsh, பாஷ் போன்ற இன்னொரு ஷெல்) சரியாக எண்ணும்; அது பைப்பின் கடைசிப் பகுதியைச் சப்ஷெல்லில் ஓட்டாது. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.