குணசேகரனின் குரல்

அன்புள்ள ஐயா,

நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. இரவு ஒன்பதரைக்கு ‘எதிர்நீச்சல்’ சீரியல் போடும்போது, ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டே பார்ப்பேன். மாரிமுத்து ஐயா வில்லன் ஆதி குணசேகரனாகப் பேச ஆரம்பித்தால் என் கால் பெடலில் தானாக நின்றுவிடும். அவர் இறந்த பிறகு வேல ராமமூர்த்தி ஐயா வந்தார். நல்ல நடிகர், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் பாகம் வந்த பிறகும் என் மனம் ஏற்க மறுக்கிறது. அந்தப் பாத்திரத்தை அத்தோடு முடித்திருக்க வேண்டாமா?

இன்னொன்று. ‘பொன்னியின் செல்வன்’ நாவலை மூன்று தடவை படித்தவள் நான். ஆழ்வார்க்கடியான் குட்டை, பருத்த உடம்பு. படத்தில் ஜெயராம் நடித்தார். நந்தினியாக ஐஸ்வர்யா ராய் நடித்தார், பேசியது வேறொருவர். இரவல் குரலில் நடிப்பவருக்குப் பாராட்டில் பாதிதானே சேர வேண்டும்? எல்லோரும் சொந்தக் குரலில்தான் பேச வேண்டும் என்று ஒரு கட்டாயம் வந்தால் நன்றாக இருக்கும். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

ஒரு வாசகி, திண்டுக்கல்

*

அன்புள்ள சகோதரிக்கு,

பெடலில் கால் நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நாலைந்து முறை படித்தேன். ஓரம் அடிக்கும்போது கண்ணை ஊசியிலிருந்து எடுக்க முடியாது. எடுத்தால் தையல் கோணிப்போகும். அப்படியென்றால் இத்தனை நாளும் குணசேகரனை நீங்கள் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

என் அம்மாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் டிவி கூடத்தில் இருக்கிறது, அவர் இருப்பது சமையலறையில். மறுநாளைக்குக் கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் கேட்பார். காதில் விழும் பேச்சை வைத்தே யார் வந்தார், யார் போனார், யார் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிடுவார். நம் சீரியல் வசனங்களில் வரிக்கு வரி ‘அண்ணா’, ‘மாமா’, ‘அத்தை’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அதைப் பலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் ஒரு கரிசனம் தெரிகிறது. அடுப்படியில் இருப்பவருக்கும் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று புரிந்துவிடுகிறது.

ஆகவே உங்கள் மனம் ஏற்காததற்கு முகம் மாறியது மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். சீரியல்களில் முகம் மாறுவது நமக்குப் பழகிவிட்டது. ‘இவருக்குப் பதிலாக இனி இவர்’ என்று எழுத்துப் போடுவார்கள். ஒரு வாரம் முணுமுணுப்போம், பிறகு மறந்துவிடுவோம். குணசேகரனை அப்படி மறக்க முடியவில்லை என்றால், நாம் இழந்தது ஒரு குரலை.

மாரிமுத்து தேனி மாவட்டம் பசுமலைத்தேரியில் பிறந்தவர். ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ என்று இரண்டு படங்களை இயக்கியவர். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கதாநாயகியின் தந்தையாக வந்தார். அவர் பேச்சில் தேனி, மதுரைப் பக்கத்து வீட்டுத் திண்ணை இருந்தது. ‘இந்தாம்மா... ஏய்’ என்று அவர் இழுப்பதைக் கேளுங்கள். முதல் சொல்லில் ஒரு பெரியப்பாவின் உரிமை, அடுத்த சொல்லில் பெண்ணை அடக்கும் ஆணின் திமிர். இரண்டுக்கும் நடுவில் அரை நொடி. அந்த அரை நொடியை நம்மில் பலர் சொந்த வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதனால்தான் கோபமும் வந்தது, விட்டு விலகவும் முடியவில்லை. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உடல்நிலை மோசமானது. கடைசி வரை குணசேகரனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இருந்தாலும் அந்தப் பாத்திரத்தை முடித்திருக்கலாம் என்பதில் நான் உங்களோடு உடன்படவில்லை. குணசேகரன் வீட்டு மருமகள்கள் நால்வரும் அவனை எதிர்த்து நடத்தும் போராட்டம்தான் கதை. எதிரில் நிற்பவனை எடுத்துவிட்டால் ஈஸ்வரியும் ரேணுகாவும் ஜனனியும் யாரிடம் ஜெயிப்பார்கள்? கேட்டுப் பெற வேண்டிய பதிலெல்லாம் பாக்கியாகவே நின்றுவிடும்.

இன்னொருவரைத் தேடும்போது மாரிமுத்துவைப் போல இழுத்துப் பேசத் தெரிந்த ஒருவரை அழைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் வேல ராமமூர்த்தியை அழைத்தார்கள். இயக்குநர் திருச்செல்வத்தின் மீது எனக்கு மதிப்பு கூடியது அங்கேதான். வேல ராமமூர்த்தி ராமநாதபுரம் மாவட்டம் பெருநாழிக்காரர், ராணுவத்தில் இருந்தவர், ‘குற்றப் பரம்பரை’ நாவலை எழுதியவர். ‘மதயானைக் கூட்டம்’ படத்தில் அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் குரல் யாருக்கும் நகலாகாது. மாரிமுத்துவின் குணசேகரன் நச்சரிப்பான், குத்திக்காட்டுவான், அவனிடம் எதிர்த்துப் பேச ஒரு சந்து இருக்கும். வேல ராமமூர்த்தியின் குணசேகரன் நிறுத்தி நிறுத்திப் பேசுவான், கேட்பவருக்கு அடிவயிறு கலங்கும். பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. அந்த வேறு ஆளை அறிமுகம் செய்துகொள்ள நமக்கு அவகாசம் வேண்டியிருந்தது. நாமோ முதல் நாளே ‘இந்தாம்மா’வுக்காகக் காத்திருந்தோம்.

பொன்னியின் செல்வன் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடர் வந்தபோது மணியம் வரைந்த முகங்கள் வாசகர் மனதில் இன்னமும் உட்கார்ந்திருக்கின்றன. எந்த நடிகர் வந்தாலும் அந்தக் கோடுகளோடு மோதத்தான் வேண்டும். ஜெயராமின் உயரம் எனக்கும் முதல் காட்சியில் உறுத்தியது. வந்தியத்தேவனாக வந்த கார்த்தியோடு அவர் வாய்ச்சண்டை போட ஆரம்பித்ததும் மறந்துவிட்டேன். நந்தினிக்குத் தீபா வெங்கட் பேசினார். பழுவேட்டரையரிடம் ஒரு நந்தினி, கரிகாலனிடம் வேறொரு நந்தினி என்று ஒரே குரலில் இரண்டு பெண்களைக் காட்டியிருக்கிறார். பாராட்டைப் பாதியாகப் பிரிக்க வேண்டாம். இருவருக்கும் முழுதாகவே கொடுங்கள்.

எல்லோரும் சொந்தக் குரலில்தான் பேச வேண்டும் என்ற கட்டாயத்துக்கு வருகிறேன். 2011 பொங்கலுக்கு வந்த ‘ஆடுகளம்’ படத்தை மறுபடி பாருங்கள். மதுரைச் சேவல் சண்டைக்காரர் பேட்டைக்காரனாக நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலன். சொந்தக் குரலில் பேசியிருந்தால் மதுரைத் தெருவில் யாழ்ப்பாணத் தமிழ் கேட்டிருக்கும். அழகான தமிழ்தான், ஆனால் பேட்டைக்காரனின் தமிழ் அல்ல. வெற்றிமாறன் ராதாரவியைப் பேசவைத்தார். தன் பேச்சை மீறி சிஷ்யனின் சேவல் ஜெயித்துவிட்ட பிறகு அந்தக் கிழவரின் முகம் சுண்டுகிறது, கரிக்கட்டையாய்க் கறுத்துப்போகிறது. அது ஜெயபாலனுடையது. அதன் பிறகு நயமாகப் பேசியபடியே உள்ளே நஞ்சை வைத்துக்கொள்ளும் குரல் ராதாரவியுடையது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு மனிதனைப் படைத்தார்கள். ஜெயபாலனுக்குத் தேசிய விருதில் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. நீங்கள் சொல்லும் கட்டாயம் அன்று இருந்திருந்தால் நமக்குப் பேட்டைக்காரனே இல்லை.

எனக்கு வருத்தம் வேறொன்றில் இருக்கிறது. குரல் சொந்தமா இரவலா என்பதைவிட, அந்தக் குரலுக்கு ஓர் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்று பல தொடர்களில் மாமியார் கோயம்புத்தூர், மருமகள் தூத்துக்குடி என்று கதை சொல்கிறது. இருவரும் வாயைத் திறந்தால் ஒரே தமிழ், ஊரே இல்லாத தமிழ். ‘ஏனுங்க’வும் இல்லை, ‘ஏலே’யும் இல்லை. வெளிமாநிலத்திலிருந்து வந்த நடிகையை அதற்குக் குறை சொல்லாதீர்கள். அவருக்குப் பேசுகிறவர் நம் ஊர்க்காரர்தான், அவருக்கு வசனம் எழுதுகிறவரும் நம் ஊர்க்காரர்தான். தூத்துக்குடிப் பெண் ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லிக் கேட்டால் போதும். அதற்குக்கூட நேரம் ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். இனிமேல் மெஷினில் உட்கார்ந்து சீரியல் கேட்கும்போது, எந்த வசனத்துக்குக் கால் நின்றது, பேசியது யார் என்று அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவையுங்கள். ஒரு மாதம் கழித்து அதை எனக்கு அனுப்புங்கள். வேல ராமமூர்த்தியின் பெயர் அதில் ஒரு தடவையாவது வருகிறதா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.