அமெரிக்க உரிமைகள் சாசனம் மாநிலங்களையும் கட்டுப்படுத்த ஆரம்பிச்சது எப்போ?

உரிமைகள் சாசனம் 1791லயே வந்துருச்சே, அப்புறம் மாநிலங்கள் எப்படி மீறுச்சுன்னு கேட்டிருக்கீங்க. மேட்டர் என்னன்னா, உரிமைகள் சாசனம்னா அமெரிக்க அரசியல் சட்டத்தோட முதல் 10 திருத்தம், அது மத்திய அரசுக்கு மட்டும் போட்ட கடிவாளம். பால்டிமோர்ல ஒருத்தரோட கப்பல் துறைல நகராட்சி வேலையால மண்ணு சேந்து கப்பலே வர முடியாம போச்சு, நஷ்டஈடு கேட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, 1833ல உரிமைகள் சாசனம் மாநிலங்களுக்குப் பொருந்தாதுன்னு கைய விரிச்சுட்டாங்க. உள்நாட்டுப் போர் முடிஞ்சு 1868ல வந்த 14வது திருத்தம்தான் எந்த மாநிலமும் முறையான சட்ட நடைமுறை இல்லாம உயிர், சுதந்திரம், சொத்து எதையும் பறிக்கக்கூடாதுன்னு சொல்லுச்சு. ஆனா உடனே எல்லாம் மாறிடல, சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு உரிமையா இந்த 14வது திருத்தத்துக்குள்ள இழுத்து மாநிலங்களுக்கும் பொருந்த வெச்சுது, 1925ல பேச்சுரிமை, 1963ல ஏழைக்கு அரசு செலவுல வக்கீல் (கிடியன்னு ஒருத்தர் ஜெயில்ல இருந்தே பென்சில்ல மனு எழுதின கேஸ், எனக்கு ரொம்பப் பிடிச்சது), துப்பாக்கி உரிமை 2010லதான். சிவில் கேஸ்ல ஜூரி கேக்கற உரிமை இன்னிக்கும் மாநில கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது.