மூக்கு கறுத்த குட்டிகளை ஒதுக்காதீர்கள்

முயல் வளர்ப்பு: வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், நுவரெலியா மாவட்டத்தில் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: ஐயா, எங்கள் நியூசிலாந்து வெள்ளைப் பெண் முயலைப் பக்கத்துத் தோட்டத்துக் கலிபோர்னியன் ஆணோடு சேர்த்தோம். ஏழு குட்டி போட்டது, ஏழும் வெள்ளை. இப்போது நாலு குட்டிக்கு மூக்கும் காதும் கறுத்துக்கொண்டு வருகிறது. மூன்று அப்படியே இருக்கிறது. இது தொற்று வருத்தம், கறுத்ததுகளை ஒதுக்கிவிடு என்று லயத்தில் சொல்கிறார்கள். வத்தளையில் அக்கா வளர்க்கும் கலிபோர்னியனுக்கு இவ்வளவு கறுப்பு இல்லையே என்றும் யோசனையாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? (வாசகி, ராகலை)

பதில்: மகள், அந்த நாலு குட்டியும் நல்ல சுகமாக இருக்கின்றன. ஒன்றையும் ஒதுக்க வேண்டாம்.

கலிபோர்னியன் பழங்காலத்து இனம் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜோர்ஜ் வெஸ்ட் என்பவர் 1923இல் தொடங்கி உருவாக்கியது. இறைச்சியும் நன்றாக இருக்க வேண்டும், தோலும் விலைபோக வேண்டும் என்பது அவர் எண்ணம். ஹிமாலயன் முயலையும் சாம்பல் நிறச் சின்சில்லா முயலையும் முதலில் சேர்த்தார். அதில் வந்த ஆணை நியூசிலாந்து வெள்ளைப் பெண்களோடு சேர்த்தார். உடல் கட்டை மற்ற இரண்டும் கொடுத்தன. மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கறுக்கும் குணம் ஹிமாலயனிடமிருந்து வந்தது.

அந்தக் குணம் வேலை செய்யும் விதம்தான் உங்கள் கேள்விக்குப் பதில். ரோமத்துக்குக் கறுப்பு தருவது மெலனின். அதை உண்டாக்கத் தைரோசினேஸ் என்ற நொதியம் வேண்டும். ஹிமாலயன் வகை முயலில் இந்த நொதியம் சூடு தாங்காது. உடம்பின் நடுப்பகுதி எப்போதும் சூடு, அங்கே அது செயலிழந்துபோகிறது, ரோமம் வெள்ளையாகவே முளைக்கிறது. காது நுனி, மூக்கு, பாதம், வால் எல்லாம் குளிர்ந்த இடங்கள். அங்கே நொதியம் வேலை செய்கிறது, ரோமம் கறுக்கிறது. இப்படியான முயலின் முதுகில் ரோமத்தை மழித்து, அந்த இடத்தை ஐஸ் வைத்துக் குளிராக வைத்திருந்து பார்த்திருக்கிறார்கள். வெள்ளை முதுகில் கறுப்பு ரோமம் முளைத்தது!

குட்டிகள் ஏன் வெள்ளையாகப் பிறந்தன என்பதும் இதில் விளங்கும். தாயின் வயிற்றுச் சூட்டில் எந்த இடமும் கறுக்காது. கூட்டை விட்டு வெளியே வந்து நடமாடும்போது மூக்கிலிருந்து தொடங்கும். அக்காவின் முயல் வெளிறியிருப்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். கொழும்புப் பக்கம் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது, நுவரெலியாவில் 16 அளவில். மார்கழி, தை மாதங்களில் உங்கள் முயல்கள் ரோமம் மாற்றினால் இன்னும் கறுத்துத் தெரியும். பயப்படாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கூட்டிலிருந்து விழுந்து இரவில் குளிர்ந்துபோன குட்டிக்கு முதுகிலேயே புகை படிந்ததுபோல் சாம்பல் நிறம் வரும். அடுத்த ரோமம் முளைக்கும்போது அது போய்விடும். ஆனால் அந்தக் குட்டி குளிரில் கிடந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இந்த மலையில் குட்டிகள் சாவது பெரும்பாலும் குளிரால். பெட்டியின் விளிம்பை உயர்த்துங்கள். நன்றாகக் காய்ந்த மானாப்புல்லைத் தடிப்பாகப் பரப்புங்கள். தாய் தன் வயிற்றிலிருந்து பிடுங்கிப் போடும் ரோமத்தை அழுக்கென்று அள்ளிக் கொட்டாதீர்கள்.

நாலும் மூன்றுமாகப் பிரிந்தது எப்படி? நிறத்துக்கான பரம்பரையலகு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்றுதான் குட்டிக்கு வருகிறது. உங்கள் தாய் முயலிடம் இருப்பது இரண்டும் முழு வெள்ளைக்கான அலகு. தகப்பன் கலப்பில்லாத கலிபோர்னியன் என்றால் அதனிடம் இரண்டும் ஹிமாலயன் அலகாக இருக்கும். ஹிமாலயன் அலகு வெள்ளையை ஆளக்கூடியது, அதனால் ஏழு குட்டியுமே கறுத்திருக்க வேண்டும். மூன்று வெள்ளையாக நிற்பதால் அந்த ஆணின் பரம்பரையில் வெள்ளை முயல் ஒன்று கலந்திருக்கிறது. வெளித்தோற்றத்தில் அது பிடிபடாது, குட்டிகள்தான் காட்டிக்கொடுக்கும். இறைச்சிக்கு வளர்ப்பவர்கள் கலிபோர்னியன் ஆணை வெள்ளைப் பெண்ணோடு வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், அதனால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. சுத்தக் கலிபோர்னியன் என்று சொல்லி விற்க மட்டும் வேண்டாம்.

உண்மையான வருத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். காதை மடித்து உள்ளே பாருங்கள். நிறம் என்றால் வெளிப்பக்க ரோமம் கறுத்திருக்கும், தோல் சுத்தமாக இருக்கும். காதுக்குள்ளே மண்ணிறப் பொருக்கு அடுக்கடுக்காகப் படிந்து, முயல் தலையை உதறிக்கொண்டு காலால் காதைச் சுரண்டினால் அது காதுச்சொறி. அதுதான் தொற்றும். பொருக்கைப் பிய்க்காதீர்கள், புண்ணாகிவிடும். அந்த முயலைத் தனியாக வைத்து மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது கறுப்பு ஆண், கறுப்புப் பெண். போட்ட ஆறில் இரண்டு வெள்ளை, சிவந்த கண். தேயிலைக்குள் திரியும் காட்டு முயல் இரவில் கூட்டுப் பக்கம் வந்திருக்குமா? (வாசகர், பொகவந்தலாவை)

பதில்: இல்லை, தம்பி. நம் காட்டு முயல் வேறு சாதி. பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் வீட்டு முயலுக்கு 44, அதற்கு 48. இரண்டும் சேர்ந்து குட்டி வராது. காட்டு முயலின் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் இருக்கும். உங்கள் குட்டிகள் வெறும் தோலாக, கண் மூடித்தானே பிறந்தன?

வெள்ளை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. உங்கள் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு வெள்ளை அலகை மறைத்து வைத்திருக்கின்றன. அப்படியான ஜோடிக்கு நாலில் ஒன்று வெள்ளையாக வரும் என்பது கணக்கு. ஆறில் இரண்டு வருவது சாதாரணம். கறுப்பு மட்டுமே வேண்டுமென்றால் இந்த ஜோடியைப் பிரித்து, வெள்ளை கலக்காத பரம்பரையிலிருந்து வேறு ஆணைக் கொண்டுவாருங்கள். வெள்ளை இரண்டையும் கழிக்க வேண்டாம். வளர்த்தியிலோ இறைச்சியிலோ அவை கறுப்புக்குக் குறைந்தவை இல்லை.