வேன் கூரையில் சோலார்: ஏசி ஓடுமா?

கேள்வி: பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி கேம்பர் வேனாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். கூரையில் 200 வாட் பேனல் இரண்டு மாட்ட இடம் இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் இன்வெர்ட்டரையும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியையும் வைத்தே சமாளிக்கலாமா? ஃப்ரிட்ஜ், ஃபேன், லேப்டாப், இண்டக்‌ஷன் அடுப்பு, முடிந்தால் ஒரு டன் ஏசி, இவ்வளவும் ஓட வேண்டும்.
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஏசியை மறந்துவிடுங்கள். கூரையில் படுக்கையாக வைத்த 400 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 1.5 யூனிட் தந்தாலே பெரிது, அந்த ஏசியோ ஓர் இரவு ஓடினால் 5 யூனிட்டுக்கு மேல் கேட்கும். இண்டக்‌ஷனும் வேண்டாம். 2000 வாட் அடுப்புக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 180 ஆம்பியர் அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும், ஒரு சாம்பாருக்காக அவ்வளவு பாடு தேவையா? சின்ன கேஸ் அடுப்பு போதும்.

மற்றதெல்லாம் ஓடும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை யூனிட், ஃபேன், லைட், லேப்டாப், போன் எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை யூனிட் என்று வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தால் அது எதுவும் ஓடாமல் சும்மா ஆனில் இருந்தே 10, 20 வாட் தின்னும், அதனால் ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் மூன்றையும் நேராக 12 வோல்ட்டிலேயே வாங்கிவிட்டு, லேப்டாப்புக்கு மட்டும் சின்ன இன்வெர்ட்டர் வைத்துத் தேவைப்படும்போது போடுங்கள்.

டியூபுலர் பேட்டரி வீட்டிலேயே இருக்கட்டும். 50 கிலோவுக்கு மேல் எடை, சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை விடும், நீங்கள் பக்கத்திலேயே படுத்திருப்பீர்கள். 200 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 2.5 யூனிட் நிற்கும், வெயில் இல்லாத 2 நாளைத் தாங்கும். விலை கடிக்கும்தான். மழைக்காலத்தில் பேனலை நம்ப முடியாது, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து இந்த பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போட்டால் 2 மணி நேர ஓட்டத்தில் முக்கால் யூனிட் ஏறிவிடும்.

வேனை எப்படியும் மரத்தடியில்தான் நிறுத்துவீர்கள். ஒரு பேனலில் கொஞ்சம் நிழல் விழுந்தாலே அது படுத்துவிடும், மற்றதாவது உழைக்கட்டும் என்று இரண்டையும் பேரலலில் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) இணையுங்கள், பேனலின் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தர 30 ஆம்பியர் எம்பிபிடி கன்ட்ரோலர் போதும். இணைக்கும்போது கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, அப்புறம்தான் பேனல்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் வயரிங். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், அது இல்லாமல் வயர் எங்காவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால் வேன் எரியும். வீட்டு கரண்ட் லைனுக்கான எம்சிபியை (ஓவர்லோடானால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்) இங்கே போடாதீர்கள், பேட்டரியிலிருந்து வரும் டிசி மின்சாரத்தின் தீப்பொறியை அது அணைக்காது.

கேள்வி: இதே வேனில் ஜூனில் லடாக் போகலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் லித்தியத்தைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். லே நகரில் ஜூனில் பயமில்லை, மணாலி-லே சாலையில் உள்ள சர்ச்சு, பாங் போல 4,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கினால் காலை வெயில் பேனலில் படும்போது பேட்டரி இன்னும் உறைந்திருக்கலாம். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள், பேட்டரியையும் வெளிப்பெட்டியில் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் வையுங்கள்.